மூவாயிரமா, நாலாயிரமா

தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் பேசிய அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. பெரியவர்கள் பேசும் இடத்தில் மூக்கை நுழைப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குப் பிரசவ லீவு முடியப் பத்து நாள்தான் பாக்கி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களுக்கு பில் போடும் ஆபீசில் அவளுக்கு வேலை. அப்பா ஷிப்டுக்குப் போகிறவர். திருவொற்றியூரில் எங்களுக்குச் சொந்தமென்று யாரும் இல்லை. ஆள் தேட ஏப்ரல்தான் தோதான மாதம் என்றார் அப்பா. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருக்கும், விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும், அந்த வீட்டுப் பெண்கள் கொடுக்கிற சம்பளத்துக்கு வருவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை.

வந்தவர் என் வகுப்பில் படித்த ஒருத்தியின் அம்மா. புருஷன் விசைப்படகில் போகிறவர். இடுப்பில் ஒரு வயதுக் கைக்குழந்தை. அவரை அக்கா என்று கூப்பிடும்படி என்னிடம் சொன்னார்கள்.

"நாலாயிரம் குடுக்கா. வூட்டு வாடகையே மூவாயிரத்தி ஐநூறு. இத்தயும் இட்டுகினு வந்துர்றேன், ரெண்டையும் ஒண்ணா பாத்துக்கிறேன்" என்றார் அம்மாவிடம்.

அம்மா சரி என்று சொல்லப் போகிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்போதுதான் நான் சொன்னேன்: "அந்தப் பாப்பாவுக்கு எப்பப் பாத்தாலும் மூக்கு ஒழுகிகினே கீதும்மா. தம்பிக்கு ஒட்டிக்கும்."

பொய் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் புழுதியில் எந்தக் குழந்தைக்குத்தான் மூக்கு ஒழுகவில்லை? தம்பிக்கும் ஒழுகியது. அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றுவரை எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. குழந்தையோடு வந்தால் மூவாயிரம், இல்லாமல் வந்தால் நாலாயிரம் என்று முடிவாகச் சொன்னாள். இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்ளச் சொன்னதே பெரிய மனசு என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

அக்கா முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்தார். மூவாயிரத்தில் வாடகைகூடக் கட்ட முடியாது. "இத்த இட்டாரலக்கா. பெருசுக்கு லீவுதானே, அது பாத்துக்கும்" என்றார். பெருசு என்றது என் வகுப்புக்காரியை.

தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்ததில் ஜூனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. படகு கடலுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காவும் நம்பியிருந்தார். படகு போனது. மீன்பாடு இல்லை, டீசல் காசுகூடத் தேறவில்லை. அதற்குள் பள்ளி திறந்துவிட்டது.

ஒருநாள் அக்கா அம்மாவிடம் கேட்டார். "சின்னத்த வச்சிகினா பக்கத்து வூட்ல ஐநூறு கேக்குறாங்கோ. அத்த மட்டும் சேத்துக் குடுக்கா. இல்லாங்காட்டி இட்டுகினு வரவாவது வுடு. பெருச இஸ்கூலுக்கு அனுப்பணும்."

அம்மா அப்பாவைக் கேட்டாள். "ஒருவாட்டி ஏத்துனா மாசாமாசம் கேப்பாங்க. பேசுனது பேசுனதுதான்" என்றார் அவர். அன்று காலையில்தான் ஐநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வஞ்சிரம் வாங்கி வந்திருந்தார். அதை ஆய்ந்து கழுவிக் கொடுத்தது அக்காதான்.

வகுப்பில் அக்கா மகளின் இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்தார்கள். என் வகுப்புக்காரி திரும்பி வரவேயில்லை.

ஜூலையில் ஒரு மாலை நான் தரையில் நோட்டைப் பரப்பி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். "யம்மா, பாப்பாவுக்கு ஒடம்பு கொதிக்குது."

தம்பி அக்காவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அம்மா வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. "ஈரத்துணி போட்டு வையி. இந்த வூட்டக்கா வந்தவொடனே நான் வந்துர்றேன்" என்றார்.

அவள் உடனே போகவில்லை. என் நோட்டைப் பார்த்து, "கணக்குல இப்போ இன்னா நடத்துறாங்கோ?" என்று கேட்டாள். பின்னம் என்றேன். குழந்தையோடு குனிந்து படித்துவிட்டு, "மூணாவது கணக்கு தப்பு" என்றாள். பார்த்தேன், தப்புதான். எனக்கு எரிச்சலாக வந்தது.

"உனக்கின்னா, இஸ்கூலும் இல்ல, வூட்டுப்பாடமும் இல்ல. நாளெல்லாம் பாப்பாவோட வெளாடலாம். குடுத்து வச்சவ" என்றேன்.

அவள் தங்கையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அக்கா தம்பியை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. அவளைப் பார்த்து எனக்கு அன்று நிஜமாகவே பொறாமையாக இருந்தது.