வார்த்தை மெஷினை ஏற்றி வரக் கல்வராயன் மலைக்குப் போன கதை

கார்த்திகையில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். அருவி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் போனது குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டியில். ஆள் உயர மெஷின் ஒன்றை ஏற்றி வர வேண்டியிருந்தது.

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அறைத் தோழன் ஏழுமலை, வடக்கனந்தல்காரன், அங்கே ஓர் இந்திய உணவகத்தில் சமையல். திங்கட்கிழமை அவனுக்கு விடுமுறை. தெருமுனை பப்புக்குப் போவோம். ஆளுக்கொரு லெமனேட் வாங்கிக்கொண்டு, மூலையில் நிற்கும் க்விஸ் மெஷினில் காசு போடுவோம். கேள்வி பதில் எங்களுக்கு ஆகாது. அந்த ஊர் டிவி நடிகைகளையும் நாய் வகைகளையும் யார் கண்டார்கள்? எங்களுக்கு வாய்த்தது வார்த்தை விளையாட்டுதான். திரையில் கட்டம் கட்டமாக ஆங்கில எழுத்துகள் இருக்கும். அடுத்தடுத்து இருக்கிற எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு வார்த்தை பிடிக்க வேண்டும், நேரம் முடிவதற்குள். வெளியே பனி கொட்டும். உள்ளே நாங்கள் ஒரே திரையில் விரலை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அந்த ஊரில் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பப்பை மூடியபோது மெஷினை எடைக்குப் போடப் பார்த்தார்கள். ஏழுமலை அதை வாங்கி, ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானோடு கப்பலில் ஏற்றிவிட்டான். வடக்கனந்தல் தாண்டி மலைக்குப் போகிற சாலையில் அவன் வைத்திருக்கும் டிபன் கடையில்தான் இப்போது அது நிற்கிறது. அதற்குப் பழைய பவுண்டு காசுதான் பிடிக்கும் என்பதால், கல்லாவில் ஒரு கிண்ணம் நிறைய அந்தக் காசை வைத்திருக்கிறான். டீ குடித்தால் ஓர் ஆட்டம் இலவசம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் போன் செய்தான். "மச்சான், சரளா அந்த எடத்துல ஐஸ்கிரீம் ஃப்ரீசர் வெக்கணும்ங்குது. ஞாயித்துக்கெழம வந்து எறங்குது. நீ வந்து எடுத்துக்கினு போறியா, இல்ல காயலாங்கடைக்குப் போட்டுடவா?"

சரளா அவன் மனைவி. கடையின் கணக்கும் அடுப்பும் அவர் கையில். பழைய இரும்புக் கடைக்கு அதை விடுவேனா? அன்று சாயங்காலமே வீட்டில் கூடத்து மூலையைக் காலி செய்துவிட்டேன்.

வண்டி வாடகை, டீசல், சுங்கம் எல்லாம் சேர்த்துப் போய்வர 9,500 ரூபாய் பேசியிருந்தேன். திண்டிவனம், விழுப்புரம் வழியாக உளுந்தூர்பேட்டை வந்து, சேலம் சாலையில் திரும்பினோம். எலவனாசூர்கோட்டையில் இட்லி சாப்பிட்டோம். இருவருக்கும் நூற்றிருபது ரூபாய். அங்கே ஒரு பழைய கோயில் இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் இறங்கிப் பார்க்கலாம். எங்கள் டிரைவர் பாபுவுக்கு வேறு கவலை.

"இன்னா லோடு சார் ஏத்தப் போறோம்?"

"வார்த்தை கண்டுபிடிக்கிற மெஷின்."

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். "அது செல்லுலயே கீதே சார்" என்றார்.

கள்ளக்குறிச்சிக்குப் பத்து மணி. வண்டி மீட்டரில் சரியாக 248 கிலோமீட்டர். வடக்கனந்தல் போய்ச் சேர இன்னும் அரை மணி. பாபுவைக் கடையில் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லிவிட்டு, ஏழுமலையோடு அவன் பைக்கில் மலை ஏறினேன்.

பயணத் தகவல்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள். மலை மேல் இருக்கிற ஊரான வெள்ளிமலைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்து உண்டு. அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். பைக்கில் போகிறவர்கள் கீழேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள். வளைவுகளில் ஹாரன் அடிக்க வெட்கப்பட வேண்டாம். மேலே போன் சிக்னல் ரொம்பக் கம்மி. பெரியார் அருவி சாலையை ஒட்டியே விழுகிறது. மழை முடிந்த கையோடு போனால் நல்ல தண்ணீர் இருக்கும், ஆனால் பாறை வழுக்கும். குளிரத் தொடங்குவதற்கு முன் இறங்கிவிடுவது நல்லது.

வழியெல்லாம் மரவள்ளிக் காடு, நடுவில் சாமை வயல், மேலே போகப் போகச் சாலைக்குள்ளேயே மேகம். இவ்வளவும் இருக்க, பெரியார் அருவியில் வண்டியை நிறுத்தியதும் ஏழுமலை அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஹால்ல வெயிலு அடிக்குமா?"

"அடிக்காதுடா."

"கரண்டு போனா ஒடனே ஸ்விட்ச ஆஃப் பண்ணிடு. ஈரத் துணியால தொடைக்காத. உன் வூட்ல யாரு கூட ஆடுவ?"

என் மனைவிக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. "தனியாத்தான்" என்றேன். அவன் எழுந்து போய் அருவியைப் பார்த்தான்.

நான்கு மணிக்குக் கடைக்குத் திரும்பினோம். மலைப் பேருந்துக்கு நிற்கிற கூட்டம் மெஷினை மொய்த்திருந்தது. இந்தக் கடையில் ஒரு சட்டம். யாரும் வாயால் சொல்லக் கூடாது. வார்த்தை கண்ணில் பட்டால் கை நீட்டித் தொட்டுவிட வேண்டும், யார் போட்ட காசாக இருந்தாலும். பப்பில் இப்படிச் செய்திருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

பாபு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் ஏழுமலை அடுப்புப் பக்கம் திரும்பிச் சொன்னான்: "சரளா, கடைசியா ஒரே ஆட்டம். மேல நிக்கிற ஸ்கோர தாண்டிட்டா மெஷினு இங்கயே இருக்கட்டும். தாண்டலன்னா நானே தூக்கி வண்டில வெக்கிறேன்."

திரையில் எல்லாவற்றுக்கும் மேலே நின்ற ஸ்கோர், யாரோ ஒரு வெள்ளைக்காரர் பப் காலத்தில் எடுத்தது. இதுவரை யாரும் அதன் கிட்டத்தில்கூடப் போனதில்லை. சரளா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"இத்தினி வருசமா தாண்டாததா இன்னிக்கித் தாண்டப் போவுது? ஆடுங்க. ஆனா ஆடிட்டு பேச்சு மாறக் கூடாது. நாளிக்கி ஃப்ரீசர் வருது, மலைக்கி வர்ற ஜனம் எல்லாம் ஜில்லுனு இன்னா இருக்குதுன்னுதான் கேக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வண்டி பிடித்து வந்தவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஆனால் அவன் காசைப் போட்டுவிட்டு என் தோளில் கை வைத்தான். விரல் தானாக நீண்டுவிட்டது.

அன்றைக்கு இருவருக்கும் என்ன பிடித்ததோ தெரியவில்லை. அவன் கீழ் வரிசை, நான் மேல் வரிசை, அந்தக் காலத்து மாதிரியே. பேருந்துக்கு நின்ற நர்ஸம்மா ஒருவர் பின்னாலிருந்து கை நீட்டி 'நீடில்' பிடித்துக் கொடுத்தார். ஸ்கோர் ஏறிக்கொண்டே போய், வெள்ளைக்காரரை நெருங்கிவிட்டது. பேருந்து வந்து ஹாரன் அடித்தது. பாதிப் பேர் நகரவில்லை. இன்னும் ஓர் ஐந்தெழுத்து வார்த்தை கிடைத்தால் போதும். பத்து விநாடிதான் பாக்கி. ஏழுமலையின் விரல் திரைக்கு மேலே அங்கும் இங்கும் அலைந்தது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. மேல் வரிசையில் தொடங்கி வளைந்து இறங்கும் 'ஆனியன்'. என் கை எழவில்லை. என் வீட்டுக் கூடம், காலியான மூலை, அதில் நிற்கப்போகும் மெஷின் எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன. தூக்க வேண்டும் என்று நினைத்தேன், எழவில்லை.

என் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. மாவு ஒட்டின கை. டக் டக்கென்று ஐந்து எழுத்து. மெஷின் பீப்பீ என்று கத்தியது. ஸ்கோர் வெள்ளைக்காரரைத் தாண்டிவிட்டது.

கடை முழுக்கத் திரும்பிச் சரளாவைப் பார்த்தது. அவர் கையை மெதுவாகப் பின்னால் இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். செய்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"தெனம் ரெண்டு கிலோ வெங்காயம் அரியறேண்ணா" என்றார் என்னிடம், ஏதோ தப்புச் செய்துவிட்ட குரலில். "கண்ணுல பட்டதுக்கப்புறம் எப்பிடிங்க சும்மா நிக்கிறது?" உடனே புருஷன் பக்கம் திரும்பினார். "இன்னா இளிப்பு? ஃப்ரீசர எங்க வெப்பீங்களாம்?"

ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். என் வீட்டில் அது விருந்தாளிகளுக்குக் காட்டுகிற பொருளாக நின்றிருக்கும். இடத்தை அடைக்கிறது என்று தினமும் திட்டிக்கொண்டே, ஒரு வார்த்தையைக்கூட விட மனம் வராதவர் ஒருவர் இங்கே இருக்கிறார். மெஷின் கைவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருந்தது, திண்டிவனம் வருவதற்குள் போய்விட்டது. காலி வண்டி ஓட்டப் பிடிக்காத பாபு, நான்கு மூட்டை மரவள்ளிக்கிழங்கை வாங்கி ஏற்றிக்கொண்டார்.

ஃப்ரீசர் இப்போது கடைக்குப் பின்னால், அவர்கள் வீட்டுக்குள் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஐஸ்கிரீம் கேட்டால் ஏழுமலை உள்ளே போய் எடுத்து வர நேரமாகும். அதற்குள் ஓர் ஆட்டம் ஆடிவிடலாம். சரளா பின்னால் வந்து நின்றால் மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவர் கை எட்ட வேண்டும்.