சிலிப்பர் கட்டையில் நடந்தவர்

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் லொறி ஓட்டியவர். பார்க்கின்சன் நோய் வந்து வலது கை நடுங்கத் தொடங்கியதும் லொறிச் சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நடுக்கம் எங்களுக்குப் பழகிப்போனது. கால் நின்றுபோவதுதான் பழகவில்லை. வீட்டுக்குள் நடந்து வருவார். வாசல் நிலையருகே வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

"நடங்களேன்" என்பேன்.

"நான் போன்னுதான் சொல்றேன் புள்ள. காலு கேக்க மாட்டேங்குது."

ஒருநாள் கிளினிக்குக்குப் போகவேண்டும். மண் சரிந்து ரோட்டு மூடிக்கிடந்தது. வட்டகொடை ஸ்டேசனுக்குத் தண்டவாளத்தின் வழியேதான் போக முடியும். ரயில் கோச்சி வர நேரமிருந்தது. அவர் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டை ஒவ்வொன்றாகக் காலெடுத்து வைத்து நடக்கத் தொடங்கிவிட்டார். கால் இழுபடவில்லை, எங்கும் நிற்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கல்யாணமான புதிதில் இப்படித்தான் என்னை விட்டு முன்னே போவார். திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அன்று திரும்பவில்லை. இருந்தும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டேசனின் வெறும் சீமெந்துத் தரையில் ஏறியதும் மறுபடி நின்றுவிட்டார்.

கிளினிக்கில் டொக்டர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை.

"கால தானா நடக்க வைக்கிற பகுதி மூளைக்குள்ள பழுதாகியிருக்கும்மா. பின்பக்கம், பிடரிக்கு மேல, சிறுமூளைன்னு ஒன்னு இருக்கு. கண்ணுக்கு முன்னால கோடு தெரிஞ்சா, அது வேற வழியா கால நடத்த உதவுதுன்னு நெனைக்கிறோம்."

"அப்ப அந்தச் சிறுமூளை நல்லா இருக்குங்களா?"

"அப்படியும் சொல்ல முடியாது. கை நடுங்குறதுல அதுக்கும் பங்கு இருக்குன்னு சொல்றாங்க. முழுசா இன்னும் தெரியல."

நடக்கவும் வைக்கிறது, நடுங்கவும் வைக்கிறது. அதன்மேல் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் கட்டிலடியிலிருந்து குசினி வரை தரையில் வெள்ளைப் பெயின்டால் குறுக்குக் கோடுகள் போட்டேன். காய்ந்ததும் அவர் குனிந்து பார்த்து, கோட்டைத் தாண்டித் தாண்டி அடுப்படிக்கு வந்து சேர்ந்தார்.

"தேத்தண்ணி இருக்கா?" என்றார், தினமும் வருகிறவர் போல.

இப்போது தினமும்தான் வருகிறார். கோடுகளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. முன்பெல்லாம் நான் ரொட்டி தட்டும்போது சத்தமில்லாமல் பின்னால் வந்து, குளிர்ந்த கையைக் கழுத்தில் வைப்பார். பதறிப்போய்த் திட்டுவேன். இப்போது கட்டிலை விட்டு எழும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் தெரியாதவள் போல, அடுப்பைப் பார்த்தபடியே நிற்கிறேன்.