குழிக்குள் மிதித்த கால்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வீட்டுமனை பார்க்கப் போனேன். புரோக்கர் முழ ஆழத்துக்குக் குழி தோண்டினார். சமஸ்கிருத மனை நூலில் உள்ள சோதனையாம். தோண்டிய மண்ணையே திரும்பப் போட வேண்டும். மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாது. ஈரமண் வாசனையில் எனக்கு எங்கள் ஊர் சோழபுரம் நினைவு வந்துவிட்டது.

அங்கே நிலம் பிரித்த அன்றும் ஒருவர் சுலோகம் சொல்லி இதே சோதனை வைத்தார். பெரியப்பா பங்கில் மண் மிஞ்சியது. கிணறு இருந்த எங்கள் பங்கில் குறைந்தது.

“ஏலே தம்பி, அதுல வீடு கட்டுனா குடி விளங்காதுல்லா. என் பங்க நீ எடுத்துக்க” என்றார் பெரியப்பா. அப்பா கும்பிட்டு மாற்றிக்கொண்டார்.

எங்கள் குழியை மட்டும் பெரியப்பா மிதித்து மிதித்து நிரப்பியதை நான் பார்த்தேன். சின்னப் பையன், கூச்சத்தில் அப்பாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா கடைசிவரை தண்ணீருக்கு அவரிடம்தான் போய் நின்றார்.

நேற்றும் மண் மிஞ்சியது. “யோகமான மனை அண்ணாச்சி” என்றார் புரோக்கர். அவர் மண்ணைப் பூப்போல உதிர்த்துப் போட்டதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

“செத்த மிதிச்சுக் காட்டுங்க” என்றேன்.

“சாஸ்திரத்தையே மிதிக்கச் சொல்லுதீகளே!” என்று சிரித்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, மிஞ்சிய மண்ணையும் குழிக்குள் தள்ளி நானே மிதித்தேன். குழியில் மண் நாலு விரல் குறைந்தது.

அப்பாவிடம் சொல்லாததை எழுதிய நாள்: ஆவணி ஏழு, ஞாயிறு.