புள்ளடி

“திங்கள், காலை 10.20. தம்பி படிவம் நிரப்பினான். வேறு நாட்டில் வரி செலுத்துபவரா என்ற கேள்வியில் ‘ஆம்’ என்பதை வெட்டினான். பார்த்தேன். கேட்கவில்லை.”

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்.

தம்பி என்றது என் சித்தப்பாவின் மகனை. சம்பூரில் பிறந்தவன். ஒன்பது வயதில் ஜெர்மனிக்குப் போய், அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு நாற்பத்தைந்தில் திரும்பி வந்தான். போர்க்காலத்தில் பறிபோன தகப்பனின் காணி மீண்டும் கைக்கு வந்ததும் அதில் வீடு கட்டிக் குடியேறினான். கடதாசியில் அவன் வெளிநாட்டவன். வருடாவருடம் வதிவிட வீசாவை நீடிக்க வேண்டும். அதற்கு, அவனுடைய வெளிநாட்டு நாணய வைப்பு அப்படியே இருக்கிறது என்று வங்கி ஒரு கடிதம் தர வேண்டும். ஜெர்மனியில் வாடகைக்கு விட்ட வீடொன்று இருந்தது. அதற்கு அங்கே வரியும் கட்டிவந்தான்.

அந்தத் திங்கட்கிழமை, துறைமுகப் பக்கத்து வங்கிக் கிளையில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கான வரிப் பிரகடனப் படிவத்தை அவன் நிரப்பியபோது நான் பக்கத்தில் இருந்தேன். ‘ஆம் / இல்லை’ என்ற சொற்களுக்கு அடியில் ‘பொருந்தாததை வெட்டிவிடுக’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. அவன் ‘ஆம்’ மேல் இரண்டு கோடுகளைக் குறுக்காகப் போட்டான். ஜெர்மன் வரியை மறைக்கிறான் என்று நினைத்தேன். நாலு பேருக்கு முன்னால் ஒருவனுடைய வரியைப் பற்றிக் கேட்பது அழகில்லை என்று பேசாமல் இருந்தேன். கீழே ஜெர்மன் வரி இலக்கத்தை அவன் முழுதாக எழுதியதையும் பார்த்தேன். மறைக்கிறவன் அதை ஏன் எழுத வேண்டும் என்று யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. “தங்கள் பிரகடனத்தில் முரண்பாடு காணப்படுவதால் கணக்கும் அதனுடன் இணைந்த கைபேசிப் பணப்பையும் இடைநிறுத்தப்பட்டுள்ளன.” வீசா வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குள் வங்கியின் வைப்புக் கடிதம் கிடைக்காவிட்டால் சம்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

புதன் காலை அவனுடைய வாகனத்தில் கிளம்பினோம். கிண்ணியாவில் எண்ணெய் அடித்தபோது அவன் கைபேசியைக் காட்டினான். பணப்பை மறுத்தது. நான் காசுத் தாளை எடுத்து நீட்டினேன். அவன் வாகனத்தில் ஏறி, ஹோர்ன் அலற அலற சுக்கானைக் குத்தினான். விரல் முட்டியில் தோல் கிழிந்திருந்தது. அப்போதே அவனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய இளம் உத்தியோகத்தர் இருந்தார்.

“தலைமைக் காரியாலயம் நிப்பாட்டினது, ஐயா. எங்களால ஏலாது. புதுப் பிரகடனம் தாங்கோ, பதினாலு நாளிலை திறப்பினம்.”

“வெள்ளிக்கிழமை என்ரை வீசா முடியுது,” என்றான் தம்பி.

“அதைக் குடிவரவிலைதான் கதைக்க வேணும்.”

“அவையள் உங்கடை கடிதத்தைத்தானே கேக்கினம்.”

வரிசையில் பின்னால் நின்ற, சல்லி என்ற ஊரின் மீன்காரப் பெண்மணி, “வெளிநாட்டுக் காசுக்கே இந்தப் பாடெண்டால் என்ரை கருவாட்டுக் காசு என்னாகும், தம்பி?” என்று உத்தியோகத்தரைக் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

உத்தியோகத்தர் கோப்பைத் திறந்து படிவத்தைத் தட்டிக் காட்டினார். “பொய்ப் பிரகடனம் தந்திருக்கிறியள். வெளிநாட்டவருக்கு இதிலை சட்டம் கடுமை.”

“ஆர் வெளிநாட்டவன்?” என்று தம்பி மெல்லத்தான் கேட்டான். பிறகு இரும்புக் கதிரையைத் தூக்கினான். நேரம் 11.05.

முதல் அடியில் கண்ணாடி உடையவில்லை, வெளிறியது. இரண்டாவதில் விழுந்தது. மூன்றாவதில் கதிரைக்கால் உத்தியோகத்தரின் முகத்தில் இறங்கி, வாயோரத்திலிருந்து காதுவரை கன்னத்தைப் பிளந்தது. உள்ளே பல் தெரிந்தது. அவர் கழுத்துப்பட்டியால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சரிந்தார். நான் தம்பியின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவனுடைய முழங்கை என் வாயில் இடித்தது. ஒரு பல் போனது. காவலாளியின் தடி முதலில் அவன் தோளில் விழுந்தது, அடுத்து மணிக்கட்டில். காய்ந்த மட்டை முறிகிற சத்தம். அவன் விழுந்த பிறகும் மூன்று அடி. எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம்.

“விடு, செத்துப்போவான்,” என்று மீன்காரப் பெண்மணி காவலாளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். வரிசை இயந்திரம் மூன்று மொழியிலும் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டது.

கோப்பு என் காலடியில் விரிந்து கிடந்தது. தம்பி நிலத்தில் கிடந்தபடியே நல்ல கையால் அந்தப் படிவத்தைத் தொட்டான். ‘ஆம்’ மேல் இரத்தம் பட்டது.

“நான் ஓம் எண்டுதானே போட்டனான், அண்ணை.”

“நீ வெட்டினாய்.”

“வெட்டேல்லை. புள்ளடி போட்டனான். ஜெர்மனியிலை எல்லாப் படிவத்துக்கும் அப்பிடித்தான் தெரிவு செய்யிறது.”

தேர்தல் வந்தால் நாங்களும் வாக்குச்சீட்டில் வேண்டியவருக்கு நேரே அதே குறுக்குக் கோட்டுப் புள்ளடிதான் போடுகிறோம். நான் போட்டிருக்கிறேன். அந்த உத்தியோகத்தரும் போட்டிருப்பார். ஆனால் படிவத்தில் அதே குறியைக் கண்டதும், வெட்டியிருக்கிறான் என்று இரண்டு பேருமே படித்தோம்.

அவனைப் பிணையில் விடவில்லை. வெள்ளிக்கிழமை வீசா முடிந்தபோது, முறிவுக்குச் சாந்துக்கட்டுப் போட்ட கையோடு விளக்கமறியலில் இருந்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். பிறகு நாடுகடத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் உத்தியோகத்தரைப் பார்க்கப் போனேன். கன்னத்தில் தையல், கதைக்க ஏலாது. ஒரு கடதாசியில் இரண்டு கோடுகளைக் குறுக்காகப் போட்டுக் காட்டி, அதுதான் நடந்தது என்றேன். அவர் அதைப் பார்த்தார். ஓம் என்றும் இல்லை என்றும் தலையாட்டவில்லை.

சம்பூர் வீட்டைப் பூட்டிய திறப்பு என்னிடம் இருக்கிறது. எந்த முரண்பாட்டுக்காகக் கணக்கை நிறுத்தினீர்கள் என்று வங்கிக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் வரவில்லை. அந்தப் புள்ளடிதான் காரணம் என்பது நான் நினைப்பது. உறுதி செய்யப்படவில்லை.