டொங்காக் கிழங்கின் பழி

சிவநேசன் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி அழைத்துச் சொன்னபோது, ஓகூஸ் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக்குடிலில் கொடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். குழாயை மூடத் தோன்றவில்லை. சப்பாத்து நனைந்த பிறகுதான் அழுதேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய வாயும் தெரியும். பதினொரு வருடம் பக்கத்தில் நின்று நான் செய்த வேலையை ஒருநாளும் பாராட்டியதில்லை. "பரவாயில்லை, செடி சாகேல்லை" என்பார். அவ்வளவுதான்.

டொங்காத் தீவில் வயல்களுக்குள் கடல்நீர் ஏறியதால் அருகிப்போன பழைய வள்ளிக்கிழங்கு இனங்களைப் பெருக்கித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. நான் சேர்ந்த புதிதில் வந்த பெட்டியில் ஒரேயொரு ஊதாக் கிழங்குதான் அழுகாமல் தேறியது. அந்த இனத்தில் தீவிலும் வேறு இல்லையாம். அண்ணை அதைக் கடதாசியில் சுற்றி ஆய்வுக்கூடச் சாப்பாட்டு அறை மேசையில் வைத்தார். அதற்கு முதல்நாள்தான், தமிழ்க் கடையில் அதே போன்ற ஊதா நிற இராசவள்ளிக் கிழங்கைக் கண்டால் எனக்கும் வாங்கி வரும்படி அவரிடம் கேட்டிருந்தேன். பிறகென்ன? கிழங்கு என்னோடு வீட்டுக்குப் போனது; மறுநாள் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்ந்த களியாகத் திரும்பி வந்தது.

அண்ணை இரண்டு கோப்பை சாப்பிட்டார்.

"அந்தமாதிரி ருசி பிள்ளை. கிழங்கு எங்கை வாங்கினனீர்?"

"என்ன அண்ணை, பகிடியே? நீங்கள் மேசையிலை வைச்சதுதானே!"

அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"தலையை என்ன செய்தனீர்?"

வள்ளிக்கிழங்கின் தலையை எங்கள் ஆட்கள் சமைப்பதில்லை. வெட்டுவாயில் சாம்பல் பூசி நடுகைக்கு எடுத்துவைப்போம்.

"வைச்சிருக்கிறன் அண்ணை. வீட்டிலை சாம்பல் ஏது? திருநீறு பூசிச் சன்னலடியிலை வைச்சனான்."

மேலங்கிகூடப் போடாமல், என்னையும் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்குக் காரை விட்டார். திருநீற்றோடு இருந்த தலையைக் கண்டதும் சுவரில் சாய்ந்து சிரித்தார். நான் விக்கி விக்கி அழுதேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். ஒரு தீவின் கிழங்கையே சமைத்துவிட்டேனே என்ற வெட்கம் மறுபக்கம்.

மேலாளர் கிர்ஸ்டனிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "கிழங்கைச் சாப்பிட்டது நான்." எழுத்தில் எச்சரிக்கை வாங்கினார். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்ற போதெல்லாம், "நான் என்ன பொய்யே சொன்னனான்? ரெண்டு கோப்பை சாப்பிட்டனான்தானே" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

அந்தத் தலை முளைத்தது. அதன் வழிவந்த கிழங்குகள் இன்று டொங்கா மண்ணில் இருக்கின்றன.

இறுதிச் சடங்கில் கிர்ஸ்டன் அந்தக் கதையை அன்போடுதான் சொன்னார். அரிய கிழங்கைத் தின்றுவிட்டு, அதை மீட்கவே பாடுபட்ட மனிதர் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "சமைத்தது நான்" என்றேன்.

கோபிக்காதையுங்கோ அண்ணை. இவ்வளவு காலம் நீங்கள் சுமந்த அந்தப் பழியை உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். இனி அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.