வாசிக்கப்படாத ஜெபக் குறிப்பு

அந்த வருஷத்து லீக் சீசன் முழுவதும் சித்தப்பாவின் டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. மெட்ராஸ் முதல் டிவிஷன் ஃபுட்பால் என்றால் அப்போது பெரும்பாலும் ஆபீஸ்களுக்கு இடையே நடக்கிற பந்தயம். சித்தப்பா வேலை பார்த்த ஆபீசுக்கும் ஒரு டீம் இருந்தது. வேலை பார்த்தார் என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறிப் போய், மத்தியானம் வரை ஃபைல்களைக் கட்டி அடுக்கிவிட்டு, அதன்பிறகு பந்து உதைப்பார். பந்துக்காகக் கிடைத்த தற்காலிக வேலை அது. டீம் முதல் டிவிஷனில் நிலைத்தால் வேலை நிரந்தரம். கடைசி இடத்துக்குப் போய் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினால் டீமையே கலைத்துவிடுவோம், நீங்களும் வீட்டுக்குப் போகலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். செங்கல்பட்டில் பேசிவைத்திருந்த பெண்ணின் வீட்டாரும் அந்த நிரந்தரத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

எனக்குப் பத்து வயது. கணக்கில் புலி என்று எனக்கு நானே முடிவு செய்திருந்தேன். ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். எப்போதாவது ஒரு சமன் தவிர, சித்தப்பாவின் டீமுக்கு நேராக எழுத எனக்கு வேலையே வைக்கவில்லை அவர்கள். தோற்ற நாளில் சித்தப்பா கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் வருவார். சாப்பாடு வேண்டாம் என்பார். அம்மா தட்டை வைப்பாள், அவர் சாப்பிடுவார். சீசன் பாதியானபோது அவர் முன்வாசலை மறந்தே போனார்.

கடைசி ஆட்டம் ஒரு புதன்கிழமை. எங்களுக்கு மேலே இருந்த டீமுக்கு ஒரே ஒரு புள்ளிதான் அதிகம், ஜெயித்தால் தப்பிக்கலாம். எதிர் டீம் பட்டியலில் நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதில் செண்டர் ஃபார்வர்டு ஆடியவர் சித்தப்பாவின் சிநேகிதர். பல்லாவரத்துக்காரர், தோல் மண்டி வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். நான் அவரைப் பல்லாவரத்து மாமா என்பேன். அதற்கு முந்தின சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். அப்பா டியூஷன் எடுக்கப் போயிருந்தார், அம்மா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அதே அறையின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

“எங்க டீமுக்கு இந்த மேட்ச்சுல ஒண்ணும் ஆவப்போறதில்ல மச்சான்,” என்றார் மாமா. “நீ ஒரு கோல் போடு. நான் போட மாட்டேன். நம்ம பசங்ககிட்டயும் பேசிட்டேன்.”

சித்தப்பா காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெளிய தெரிஞ்சா பேஜாராயிடும்டா.”

“யாரு சொல்லப்போறா? உனக்கு வேல இருந்தா போதும்.”

சித்தப்பா சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஒரு பயம் இருந்தது. மாமா சொன்ன சொல்லை மறந்துவிட்டால்? பெரியவர்கள் மறப்பார்கள். ஊட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அப்பா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் கோயிலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. வேண்டுதல் இருப்பவர்கள் சீட்டில் எழுதிப் போட்டால், ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பார். இன்னாருக்கு மஞ்சள் காமாலை, இன்னார் மகளுக்கு டைப்ரைட்டிங் பரீட்சை என்று வாசிக்க வாசிக்க, சபை முழுவதும் சேர்ந்து ஜெபிக்கும். அத்தனை பேர் கேட்டால் ஆண்டவரால் தட்ட முடியாது என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நான் முத்து முத்தாக எழுதினேன். ‘என் சித்தப்பாவின் டீம் புதன்கிழமை ஜெயிக்க வேண்டும். பல்லாவரத்து மாமா கோல் போடாமல் விட்டுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வார்த்தை மாறாமல் இருக்க ஜெபிக்கவும்.’ கீழே என் பெயர், வகுப்பு எல்லாம் போட்டேன்.

மறுநாள் ஆராதனையில் போதகர் என் சீட்டைப் பிரித்தார். நீலத் தாள் என்பதால் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒருமுறை பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார், வாசிக்காமல் மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் அவர் சித்தப்பாவை மட்டும் தனியாக உள்ளறைக்குக் கூட்டிப்போனார். ஓகோ, பெரிய காரியம் என்பதால் தனி ஜெபம் செய்கிறார் என்று தேற்றிக்கொண்டேன். வெளியே வந்த சித்தப்பா என் தலையில் கையை வைத்தார். மத்தியானம் வெயிலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பல்லாவரம் போனார்.

புதன்கிழமை மழை. ஏழு மணி வண்டியில் சித்தப்பா தொப்பலாக நனைந்து வந்தார், கொல்லைப்பக்கமாக. ஒன்றுக்கு சைபர். கோல் போட்டது பல்லாவரத்து மாமா.

“அவரு ஏமாத்திட்டாரா சித்தப்பா?”

“நல்லா ஆடுனான் பாப்பா. அவ்ளோதான்,” என்றார்.

அடுத்த மாதம் வேலை போயிற்று. செங்கல்பட்டுப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அதைச் சொன்ன கடிதத்தை அம்மாதான் படித்தாள், சித்தப்பா கேட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவருக்குப் பெண் பார்க்க யாரும் போகவில்லை, பார்க்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. பல்லாவரத்து மாமாவின் மண்டியிலேயே தோல் எண்ணி அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்தார். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத வாடையோடு இருபது வருஷம் அங்கேதான் இருந்தார். வேலையைப் பறித்தவனிடமே போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று எனக்கு அவர்மேலும் கோபம். மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். ரம்ஜானுக்கு அவர் கொண்டுவருகிற பிரியாணியை வீடே சாப்பிடும், நான் மோர்சாதம் சாப்பிடுவேன். அவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். “பாப்பாவுக்கு எம்மேல கோவம்,” என்பார். வேறொன்றும் சொன்னதில்லை.

சித்தப்பாவை அடக்கம் செய்த அன்றுதான் மாமா சொன்னார். நான் அப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

“அந்த ஞாயித்துக்கெழம உன் சீட்ட எடுத்துகினு வந்தான்மா. ‘கொழந்தயப் போய் இதுக்கு ஜெபம் பண்ண வெச்சுட்டேனேடா. வேல போனா போவுது, நீ ஒழுங்கா ஆடு’ன்னான். கோல் போட்டா திட்டாதன்னு கேட்டேன். திட்ட மாட்டேன், பாப்பாவுக்கு மட்டும் இது தெரியக்கூடாதுன்னான்.”

சித்தப்பாவின் பிழைப்பு என் கையெழுத்தால் போனது எனக்குத் தெரியாமல் இருப்பதற்காக, அந்த மனிதர் இத்தனை வருஷமும் என் முன்னால் ஏமாற்றுக்காரராகவே வந்து போயிருக்கிறார். பத்து வயதில் புரியவில்லை, சரி. அதற்குப் பிறகும் ஒரு நாளாவது யோசித்தேனா என்றால் இல்லை. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் வாங்க என்பார்கள். நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.