நாலாவது ஆல்பத்தின் டிரம்மர்

நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துவதுதான் டிங்கருக்குத் தொழில். வருஷக்கணக்கான சுத்தியல் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வெளியே மூச்சுவிடவில்லை மனிதர். பேச்சை உதட்டில் படித்துச் சமாளித்தார். பட்டறை முதலாளிக்குத் தெரிந்தால் சோற்றில் மண்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் ரேடியோ ரிப்பேர் கடையில் கச்சேரி கூடும். கடைக்காரன், டிங்கர், அவர் பெண்டாட்டியின் தம்பி, அவ்வளவுதான் கூட்டம். மூவருக்கும் ஒரே பைத்தியம், ஒரு புரோகிரசிவ் ராக் பேண்டு. பாடகன் வாயைத் திறப்பதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும், அப்படி நீளமான பாட்டுகள்.

"பழைய டிரம்மர் போனதோட பேண்டே போச்சு மாமா. நாலாவது ஆல்பம் வெறும் டப்பா" என்பான் மச்சினன்.

"போடா! அதை ஒரு பயலும் ஒழுங்கா கேக்கல. அதான் சங்கதி" என்பார் டிங்கர்.

சண்டை முற்றினால் டிங்கரைச் சுவர் பார்த்து உட்காரவைத்து, ஏதாவது ஒரு ஆல்பத்திலிருந்து கொஞ்சம் பாட்டு போடுவார்கள். அடிப்பது பழையவனா புதியவனா என்று அவர் சொல்லவேண்டும். தப்பியதே இல்லை. சமீப காலமாக அவர் கேட்டது உள்ளங்கையால். ஸ்பீக்கர் இருக்கும் மேசையில் கையை வைத்தால் போதும், அதிர்விலேயே ஆளைப் பிடித்துவிடுவார்.

அன்று உள்ளே நுழைந்ததும் மேசையைத்தான் பார்த்தார், அது காலி. ஸ்பீக்கர்கள் உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கின.

"எப்படிண்ணே? இனிமே சத்தம் சும்மா பிச்சுக்கும்!" என்றான் கடைக்காரன்.

"இன்னைக்கு வேணாம்ப்பா. தலைவலி."

"பயந்துட்டீங்களா மாமா?" மச்சினன் தோளைப் பிடித்துத் திருப்பி உட்காரவைத்துவிட்டான்.

எதிரே சுவர். மேசை செத்த பலகையாகக் கிடந்தது. பாட்டு ஓடுகிறதா, முடிந்தேவிட்டதா? முதுகுக்குப் பின்னால் உலகமே இல்லாததுபோல இருந்தது. உள்ளங்கை வேர்த்து மேசையில் ஒட்டியது. இதற்குமேல் சும்மா இருந்தால் சந்தேகம் வந்துவிடும்.

"புதியவன்" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு திரும்பினார்.

இசைத்தட்டு இன்னும் மச்சினன் கையில்தான் இருந்தது.

தமாஷ் என்று நினைத்துக் கடைக்காரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மச்சினன் சிரிக்கவில்லை. இசைத்தட்டின் உறையால் வாயை மறைத்துக்கொண்டான். கண் மட்டும் அவரையே பார்த்தது. ஏதோ கேட்கிறான் என்று புரிந்தது. டிங்கர் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டிவைத்தார்.

உறை கீழே இறங்கியது. "காதே கேக்கலதானே மாமான்னு கேட்டேன்" என்றான், உதடு தெரிய, மெதுவாக.

கடைக்காரனின் சிரிப்பும் நின்றுபோனது.

"பட்டறையில சொல்லிடாதடா" என்றார் டிங்கர். எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரன் பதறி எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினான்.